லூசி பால் கேட்டாள்

16 செப்டம்பர் 1991, திங்கள்

அமலி அக்கா, இந்த நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பகலில் எங்கே முடிகிறது. ஊரே இருட்டாகக் கிடக்கிறது. விளக்கு போடக் கூடாது என்று உத்தரவு. எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் குளியலறை ஒன்றுதான். அதன் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டியின் மேல் பலகை போட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் டீச்சர் புத்தியைக் காட்டாதே. தபாலும் போகவில்லை. அதனால் நாள்வாரியாக எழுதி வைக்கிறேன். யாராவது ஹங்கேரிப் பக்கம் போனால் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன்.

பேப்பரில் படித்திருப்பாய். ஜூன் மாதம் குரோவேஷியா தனி நாடு என்று அறிவித்துவிட்டார்கள். பெல்கிரேடின் ராணுவம் விடமாட்டேன் என்கிறது. அவர்களுடைய முகாம் ஒன்று எங்கள் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. போன மாதம் வரை அந்தச் சிப்பாய்கள் சந்தையில் எனக்கு முன்னால் நின்று தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்கினார்கள். இன்று மத்தியானம் அந்தத் திசையிலிருந்துதான் குண்டு வந்தது.

நானும் ராத்மிலாவும் பால்கனியில் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தோம். செப்டம்பர் வந்தால் இங்கே எல்லா வீட்டிலும் இதே வேலைதான். சுட்டு, தோலுரித்து, அரைத்து, குளிர்காலத்துக்கு ஒரு தொக்கு. பேர் ஐவர். சிரிக்காதே, அதுதான் பேர். முதல் சத்தம் கேட்டபோது ராத்மிலா, “கதவைச் சாத்தத் தெரியாத ஜென்மங்க” என்றாள். இரண்டாவது சத்தத்தில் எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஒரே நேரத்தில் கீழே இறங்கிவிட்டது. ராத்மிலா அடுப்பை அணைத்தாள். “நான் பிள்ளையைத் தூக்குறேன், நீ வா” என்றாள். கீழே நிலவறைக்குப் போன பிறகுதான் பார்க்கிறேன், என் காலில் செருப்பு இல்லை, கையில் மிளகாய்ச் சட்டி இருக்கிறது. நாலு மாடி. ஒன்றுகூடச் சிந்தவில்லை.

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். என் வீட்டுக்காரர் க்ரேஷோவும் சர்க்கரை ஆலையிலிருந்து சைக்கிளில் வந்துசேர்ந்தார்.

19 செப்டம்பர்

ராத்மிலா யார் என்று நீ கேட்பாய். எங்களுக்கு நேர் கீழ் வீடு. நாற்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை. ஊர் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுப்பவள். படம் மாலையில்தான் என்பதால், நான் ஆலை ஆய்வகத்துக்குப் போகும் நேரம் லூசியைப் பார்த்துக்கொள்கிறாள். பிரகாசி என்ற என் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் ‘ட்ராகா’ என்பாள். செல்லமே என்று அர்த்தம். ஆனால் அவள் சொல்வதைக் கேட்டால் வசவு மாதிரி இருக்கும்.

அவள் செர்பிய இனம், பெல்கிரேடுக்காரர்களின் இனம். இதைப் போன வருஷம் எழுதியிருந்தால் இதெல்லாம் எனக்கு எதுக்குட்டி என்று நீ கேட்டிருப்பாய். எனக்கே ஐந்து வருஷமாகத் தெரியாது. இப்போது யார் யார் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எப்போது படித்தார்கள், எங்கே படித்தார்கள், தெரியவில்லை.

23 செப்டம்பர்

நிலவறையில் இருபது பேருக்கு மேல். முன்பு கரியும் உருளைக்கிழங்கும் போட்டுவைக்கும் இடம். முதல் மாடி மார்த்தா தன் நாயைக் கொண்டுவருகிறாள். அதற்கு இருக்கிற இடம் எனக்கு இல்லை. வாசலில் ஊர்க்காவல் படையில் சேர்ந்த திஹோமிர் என்று ஒரு பையன் துப்பாக்கியோடு காவல். போன வருஷம் எங்கள் வீட்டு மின்சார மீட்டரை மாற்றியவன்.

“துப்பாக்கி பிடிக்கத் தெரியுமாடா உனக்கு?” என்று ராத்மிலா கேட்டாள்.

“சினிமா பார்த்துக் கத்துக்கிட்டேன் அத்தை.”

“எந்தப் படத்தை நீ காசு குடுத்துப் பார்த்த? பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சவன்தானே.”

எல்லோரும் சிரித்தார்கள். மேலே ஏதோ விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

28 செப்டம்பர், சனி

சாயங்காலம் சைரன் அடித்து எல்லோரும் கீழே இறங்கினோம். பாதியில் எனக்கு அடுப்பில் பருப்பு ஞாபகம் வந்தது. லூசியை க்ரேஷோவிடம் விட்டு ஓடினேன். பருப்பு அடிப்பிடித்திருந்தது. சட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் நிலவறையில் ஒருவரும் பேசவில்லை. நாய்கூட. லூசி கோப்பையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள். திஹோமிர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். க்ரேஷோ சுவரைப் பார்க்கிறார். ராத்மிலா இன்னும் வந்திருக்கவில்லை.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணுமில்ல, பால் கேட்டா” என்றார் க்ரேஷோ.

பால் கேட்டதற்கு ஏன் இவ்வளவு அமைதி என்று புரியவில்லை. பயத்தில் இருப்பார்கள்.

29 செப்டம்பர், ஞாயிறு

அதிசயம் கேள். க்ரேஷோ காலையில் எழுந்து தானாகவே கோயிலுக்குப் போனார், அதுவும் முதல் பூசைக்கு. கல்யாணத்தன்று தவிர நான் இழுத்தும் வராத மனிதர். சண்டை வந்தால் மாதா எல்லோரையும் கூப்பிடுகிறாள் போல. திரும்பி வந்ததும், “எந்தச் சாமியார் பூசை வைத்தார்?” என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். காபி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

30 செப்டம்பர்

இன்று சாப்பாட்டு மேசையில் க்ரேஷோ லூசிக்குப் பாடம் எடுத்தார். இது உனக்கு விளங்க வேண்டுமென்றால் ஒன்று சொல்ல வேண்டும்.

இங்கேயும் பெல்கிரேடிலும் மொழி கிட்டத்தட்ட ஒன்றுதான். சில சொல் மட்டும் கொஞ்சம் திரும்பும். பாலுக்கு இங்கே ‘ம்லியேக்கோ’, அங்கே ‘ம்லேக்கோ’. நாம் வாளப்பளம் என்றால் உன் மெட்ராஸ் நாத்தனார் சிரிப்பாளே, அந்த வித்தியாசம்தான். ரொட்டி மாதிரி சிலவற்றுக்குச் சொல்லே வேறு. நான் உதவித்தொகையில் வந்து முதல் வருஷம் மொழி படித்தது பெல்கிரேடில். அதனால் என் வாயில் முதலில் ஏறியது அந்தச் சொற்கள். க்ரேஷோவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு வெளியில் பார்த்துப் பார்த்து இந்த ஊர்ச் சொல்லாகவே பேசுகிறேன். வீட்டுக்குள், பிள்ளையைக் கொஞ்சும்போது, பழைய சொல்தான் வரும். லூசி குழந்தையிலிருந்தே ‘ம்லேக்கோ’தான். “என் வீட்டுல ரெண்டு பெல்கிரேடுக்காரிங்க” என்று க்ரேஷோவே கேலி செய்வார்.

இன்று கேலி இல்லை. கோப்பையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, “சரியா சொன்னாத்தான் பால்” என்றார்.

“ம்லேக்கோ.”

“இல்ல. ம்லி-யே-க்கோ.”

நாலு வயசுப் பிள்ளை. அழ ஆரம்பித்துவிட்டாள். “விடுங்களேன்” என்றேன். “உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். ஆறு வருஷத்தில் அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதில்லை.

2 அக்டோபர்

ராத்மிலாவின் வீட்டில் சோதனை போட்டார்கள். திஹோமிரும் இன்னும் இரண்டு பேரும். இந்தக் கட்டிடத்திலிருந்து யாரோ ராணுவ முகாமுக்கு விளக்கு காட்டுகிறார்கள் என்று பேச்சாம். சினிமாக் கொட்டகையில் இருட்டில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் டார்ச் ஒன்று அவளிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

“இதை வெச்சு நான் முப்பது வருஷமா ஜனங்களை உட்கார வெச்சிருக்கேன். ராணுவத்தையும் உட்கார வெச்சுட்டா நல்லதுதானே” என்று அவர்களிடமே சொன்னாளாம். ஒருவரும் சிரிக்கவில்லை என்று என்னிடம் சொல்லும்போது அவளும் சிரிக்கவில்லை.

லூசியைக் கீழே அனுப்ப வேண்டாம் என்கிறார் க்ரேஷோ. ஆய்வகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

4 அக்டோபர்

க்ரேஷோ ராத்மிலாவுக்கு இரண்டு வாளி கரி கொண்டுபோய் வைத்தார். கதவைத் தட்டவில்லையாம், வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். இரக்க மனசு. நம் வீட்டுக் கரியே ஒரு வாரத்துக்குத்தான் வரும் என்று நான் சொல்லவில்லை.

மார்த்தா படிக்கட்டில் நிறுத்திப் பேசினாள். கோயிலில் குண்டு விழுந்து கண்ணாடி எல்லாம் போய்விட்டதாம், போன ஞாயிறு பூசையே நடக்கவில்லையாம். அவளுக்கு நாள் தப்பியிருக்கும். இந்த நிலவறையில் யாருக்குத்தான் நாள் ஞாபகம் இருக்கிறது.

8 அக்டோபர்

இன்றிலிருந்து சட்டப்படி வேறு நாடு என்று வானொலியில் சொன்னார்கள். பாட்டு போட்டார்கள். ரொட்டி கிடைக்கவில்லை.

9 அக்டோபர், புதன்

ராத்மிலாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலையில் லூசிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் நடுவில் அவள். நல்ல கோட்டைப் போட்டிருந்தாள், லிப்ஸ்டிக் போட்டிருந்தாள். கொட்டகைக்குப் போகும்போது போடுவது. மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ட்ராகா, என் அடுப்புல சூப் இருக்கு, பார்த்துக்கோ” என்றாள். நான் தலையாட்டினேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘எங்கே கூட்டிட்டுப் போறீங்க’ என்றாவது கேட்டிருக்கலாம். இந்தக் கட்டிடத்தில் அத்தனை கதவும் ஒரு விரல் அகலம் திறந்திருந்தது அக்கா. என்னுடையதும்தான்.

சூப்பை எடுத்து வந்து வைத்திருக்கிறேன். யாரும் தொடவில்லை.

10 அக்டோபர்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

மத்தியானம் லூசி மேசைக்கு அடியில் பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பொம்மை மற்றதைக் கேட்கிறது: “யாரு சொல்லிக்குடுத்தா இப்படிப் பேச?” திஹோமிர் மூக்கால் பேசுவான், அப்படியே அந்தக் குரல். மற்ற பொம்மை பதில் சொல்லவில்லை. மூன்றாவது பொம்மை வந்தது. அது தடித்த குரலில் சொன்னது: “கீழ் வீட்டு ராத்மிலாதான் பார்த்துக்கிறா. அவகிட்டதான் கத்துக்கிட்டா.”

“இது யாரு கண்ணு?” என்று கேட்டேன்.

“அப்பா.”

துணியை மடித்து முடித்தேன். எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

ஒருவேளை இருட்டில், பயத்தில், வாய் தவறி வந்திருக்கும். துப்பாக்கி வைத்திருப்பவன் கேட்டால் யாருக்கும் வாய் தவறும். க்ரேஷோவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பிடிக்கும் என்று உருளைக்கிழங்கு வறுத்தேன்.

11 அக்டோபர், வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

லூசியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கேதான் ஊர்க்காவல் படையின் அலுவலகம். ஆறாம் வகுப்பு அறை. சுவரில் பிள்ளைகள் வரைந்த மீன் படங்கள் அப்படியே இருக்கின்றன. பெஞ்சுகள் மேல் துப்பாக்கி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் என் வாய் பிளந்துவிட்டது. பார்த்தோல். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர்.

“என்ன, மாணவி, வண்டி இன்னும் ஓட்டுறியா?” என்றார்.

“ராத்மிலாவை எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?”

“உங்க கட்டிடத்துல பெல்கிரேடு பேச்சுப் பேசுற ஆள் ஒண்ணு இருக்கு. பிள்ளை வாயில வந்திருக்கு. ராத்திரி விளக்கு வேற தெரியுதுங்கிறாங்க. ரெண்டையும் சேர்த்துப் பாரு.”

“அந்தப் பேச்சு என்னோடது. நான் பெல்கிரேடுல படிச்சேன். பிள்ளைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“மூணு மாசம் உன் பக்கத்துல உயிரைக் கையில பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேனே. இடதுன்னா நாங்க ‘லியேவோ’ம்போம். நீ ‘லேவோ, லேவோ’ன்னு கத்திக்கிட்டே வலது பக்கம் திருப்பித் தபால் பெட்டியில மோதின. மறக்குமா?”

சிரிப்பு வந்துவிட்டது அக்கா. அந்த இடத்தில், அந்த நேரத்தில்.

“அப்ப அவங்களை விட்டுருங்க.”

“எப்படி விட? உன் புருஷன் அந்த ஞாயித்துக்கிழமை காலையில வந்தான். நீ நிக்கிற அதே இடத்துல நின்னான். அவதான் சொல்லிக்கொடுத்தான்னு சொன்னான்.”

ஞாயிற்றுக்கிழமை. நான் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை என்று. கோயில் கண்ணாடி. குடிக்காத காபி. இருட்டில் வாய் தவறியது இல்லை. ராத்திரி முழுக்க என் பக்கத்தில் படுத்து யோசித்துவிட்டு, விடிந்ததும் சட்டை மாற்றி, சைக்கிளில் ஏறிப் போயிருக்கிறார்.

“அதுகூடப் பரவாயில்லை” என்றார் பார்த்தோல். “பொண்டாட்டியக் காப்பாத்துறான்னு எனக்கு விளங்குச்சு. சரி, அவளைக் கூப்பிட்டுக் கேப்போம், இல்லைம்பா, மிரட்டி அனுப்பிடலாம்னு இருந்தேன். அவ என்ன சொன்னா தெரியுமா? ஆமா, நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இப்ப என்னங்கிறா.”

லூசி என் கையை விட்டு மீன் படங்களிடம் போனாள்.

“அவன் அவதான்ங்கிறான். அவ நான்தான்ங்கிறா. நீ வந்து நான்தான்ங்கிற. நான் யாரை நம்ப?”

“என்னை.”

“உன்னை நம்பினா உன்னை உள்ள வைக்கணும். பிள்ளையை யாரு பார்த்துக்குவா?”

“வையுங்க” என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று இப்போதும் சந்தேகம். லூசி மீன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தோல் கதவுப் பக்கம் பார்த்தார். திஹோமிரும் மற்றவர்களும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரலை இறக்கினார். “இந்தப் பசங்க யாரும் என்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவங்க இல்ல. நாளைக்கு இந்த நாற்காலியில யாரு உட்காருவான்னு எனக்குத் தெரியாது. அவளை விடுறேன். செவ்வாய்க்கிழமை ஹங்கேரிக்குப் பஸ் போகுது, அவ அதுல ஏறணும். நீயும் ஏறிடு. நீ சொன்னதை இவங்களும் கேட்டுட்டாங்க, விளங்குதா?”

விளங்கியது.

வீட்டுக்கு வந்து க்ரேஷோவிடம் சொன்னேன், போய் வந்தேன் என்று. அவர் உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்கு அந்தப் பையன் அடுத்து என்ன கேட்டான் தெரியுமா? உங்க சம்சாரம் எங்க படிச்சாங்கன்னு கேட்டான். நாளைக்கு வந்து சொல்றேன்னேன். வேற யார் பேரைச் சொல்லியிருக்கணும்? நீயே சொல்லு.”

“யார் பேரையும் சொல்லாம இருந்திருக்கலாம்.”

“அப்ப உன் பேரு. அவளுக்கு யாரும் இல்ல, பிரகாசி. எனக்கு நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க.”

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னைத் தூக்கிப் போட்டது. அவர் சொன்னபோது ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எனக்கு நன்றியாக இருந்தது. அதை உன்னிடம் எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

12 அக்டோபர், சனி

ராத்மிலா வந்துவிட்டாள். அதே கோட்டு, லிப்ஸ்டிக் இல்லை. இடது கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. கேட்டால், “பெஞ்சுல படுத்தேன்” என்கிறாள்.

சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தேன். மூன்று நாள் சூப். உப்பு பார்த்துவிட்டு, “நீ ஏதும் சேர்க்கலியே, மிளகாய் கிளகாய்?” என்றாள்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“எப்படி?”

“நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு.”

ஸ்பூனைக் கீழே வைத்தாள். “கோபம் வந்துச்சு. நாப்பத்தெட்டு வருஷமா இந்த ஊர்ல ம்லியேக்கோன்னு கேட்டுத்தான் குடிச்சிருக்கேன். எங்க அம்மாவும் அப்படித்தான், எங்க அப்பாவும் அப்படித்தான். அந்தத் திஹோமிர், ‘எங்க, சரியா சொல்லு பார்ப்போம்’ங்கிறான். முதல் படம் பார்க்க வந்தப்ப பயந்து அழுதான், நான்தான் மூக்கைத் துடைச்சு உள்ள விட்டேன். எனக்கா பால்னு சொல்லிக் காட்டச் சொல்றான்? போடா, ம்லேக்கோ, ம்லேக்கோ, ம்லேக்கோ, அந்தப் பிள்ளைக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன், என்ன பண்ணணுமோ பண்ணுன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“பின்ன? உனக்காகன்னு நினைச்சியா? உன்னைப் பத்தி நினைக்க எனக்கு அங்க நேரமில்ல.”

சொல்லிவிட்டு லூசியை மடியில் இழுத்து, அவள் பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டாள். நான் போட்ட பின்னல் அவளுக்கு எப்போதும் பிடிக்காது.

க்ரேஷோவைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தேன். அவளே சொன்னாள். “உன் புருஷன் ரெண்டு வாளி கரி வெச்சிருந்தான். வாசல்ல பார்த்ததுமே எதுக்குன்னு தெரிஞ்சுது. கரியை எரிச்சுட்டேன். நல்ல கரி.”

13 அக்டோபர்

லூசி பால் கேட்பதில்லை. பசித்தால் வந்து நின்று கோப்பையை விரலால் காட்டுகிறாள். “வாயைத் திறந்து சொல்லு கண்ணு” என்றால் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். நம் சொல்லைச் சொல்லிக் கொடுத்தேன், பால், பால் என்று. அதையும் சொல்லவில்லை. எந்தச் சொல்லும் வேண்டாம் என்று இருக்கிறாள்.

14 அக்டோபர்

ஒரு பெட்டிதான் அனுமதி. என் சான்றிதழ்கள், லூசியின் குளிர் உடுப்பு, நம் அம்மா கொடுத்த செபமாலை. ஐவர் பாட்டில் ஒன்று. க்ரேஷோ பெட்டிக்குக் கயிறு கட்டினார். அவர் வர முடியாது. அவர் வயது ஆண்களை எல்லையில் விடமாட்டார்கள். முடிச்சு இறுகவில்லை, மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார். நான் உதவிக்குப் போகவில்லை.

15 அக்டோபர், செவ்வாய்

பஸ் கிளம்பும் இடத்தில் மழை. ராத்மிலா முதலில் ஏறி எங்களுக்கும் இடம் பிடித்தாள். பழக்கம் போகுமா, “நடு வரிசை, நல்ல இடம்” என்றாள்.

க்ரேஷோ ஜன்னலுக்கு வெளியே நின்றார். ராத்மிலாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அவள், “தொப்பியைப் போடு, நனையுற” என்றாள். மன்னிப்பா, வெறும் மழையா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு லூசியிடம் கண்ணாடி வழியாகச் சொன்னார்: “ம்லேக்கோ. சொல்லு ராஜாத்தி. உன் இஷ்டம்போல சொல்லு. ம்லேக்கோ.” அத்தனை பேர் நிற்கும் இடத்தில், சத்தமாக, மூன்று நான்கு தரம். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லூசி வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள்.

“திரும்பி வருவியா?” என்று என்னைக் கேட்டார். பஸ் நகர்ந்துவிட்டது.

17 அக்டோபர், வியாழன்

எல்லை தாண்டிவிட்டோம் அக்கா. ரயில்வே தொழிலாளர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் விடுதி ஒன்றில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஓர் அறையில் மூன்று கட்டில். விளக்கு போடலாம். நேற்று முழுக்க விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தேன். தபால் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நாளைக் காலை இதை அனுப்பிவிடுவேன்.

நம்மூர்ப் பொண்ணுக்கு இது என்ன தலையெழுத்து என்று அம்மா அழுவாள். அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டாதே. குண்டு வரை படி, போதும்.

இந்த விடுதியில் டெலிபோன் இருக்கிறது. க்ரேஷோவுக்கு எண் கிடைத்தால் கட்டாயம் கூப்பிடுவார். கூப்பிட்டு அதே கேள்வியைத்தான் கேட்பார். ஊர் அடங்கிய பிறகு நான் அவரிடம் திரும்பிப் போகவா, லூசியைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வரவா? அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் செய்தார். ராத்மிலாவைக் கேட்டேன். “என்னைக் கேட்காதே, அவன் கரியை வாங்கி எரிச்சவ நான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவள் தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

சாமியாரிடம் கேட்டு எழுதாதே. நீயாக யோசித்து, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது. முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. தந்தி என்றாலும் சரி. சீக்கிரம் பதில் போடு, அக்கா.